களக்காட்டில் ஒரு குழி, அதன்பின் இருபது வருடம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தென் தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். சில இடங்களில் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த அட்டை வருடம் முழுக்க பைபிளுக்குள் இருக்கும், இல்லையென்றால் பீரோக் கண்ணாடியில் செருகியிருக்கும். இப்படி வீடுகளுக்குள் வந்து நிலைத்துவிட்ட வசனங்களில் நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனமும் ஒன்று. தன் புத்தியை நம்பி நிற்காமல் முழு மனதோடு ஆண்டவரை நம்பச் சொல்லும் வசனம் அது.

பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையின் தலையில் கைவைத்து அதைச் சொல்வார்கள். விசாவுக்குக் காத்திருப்பவருக்கும், பெண்ணுக்கு வரன் தேடுகிறவருக்கும் சொல்வார்கள். அநேகமாக ஒரு நல்ல முடிவை எதிர்பார்த்துத்தான் சொல்கிறோம். ஆண்டவரை நம்பினால் நம் கணக்கைவிட நல்ல கணக்கு ஒன்று கடைசியில் விளங்கிவிடும் என்பது நம் எண்ணம். சரி, விளங்கவே இல்லையென்றால்? வருடங்கள் போகின்றன, ஜெபம் நிற்கவில்லை, ஏன் இப்படி என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. அப்போது அந்த வசனத்துக்கு என்ன பொருள்?

இந்தக் கேள்வியோடு போகத் தகுந்த ஊர் ஒன்று திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், களக்காட்டுக்கும் வள்ளியூருக்கும் நடுவே உள்ள டோனாவூர். பெயரைப் பார்த்தால் தமிழ் ஊர் போலத் தோன்றாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே கோயில் கட்டப் பணம் அனுப்பிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் வந்த ஊர் இது. 1901இல் இங்கே வந்து, 1951இல் இங்கேயே மண்ணுக்குள் போனவர் ஏமி கார்மைக்கேல். பிள்ளைகளுக்கு அவர் அம்மா.

வட அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோர ஊரில் 1867 டிசம்பர் 16 அன்று பிறந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில், தலையில் தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு மில் வேலைக்குப் போகும் பெண்களைச் சேர்த்து வேதபாடம் நடத்தினார். அவர்களுக்காக ஏறக்குறைய 500 பவுண்டு செலவில் ஒரு தகரக் கூடம் எழும்பியது. பணத்துக்காக மனிதரிடம் கைநீட்டாமல் ஆண்டவரிடம் மட்டும் கேட்பது என்ற வழக்கம் அந்த நாளிலேயே அவரிடம் வேர்விட்டது.

அந்த வழக்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. பிரிஸ்டல் நகரத்தில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர். அவருடைய பெயர் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் வெறும் தட்டுகளை வைத்து ஸ்தோத்திரம் செய்த கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் முல்லர் தம் கையால் எழுதிவைத்த குறிப்புகளில் அதைவிட ஆழமான ஒரு சம்பவம் இருக்கிறது.

1836 பிப்ரவரி 3. முதல் இல்லத்துக்கு வில்சன் தெருவில் வீடு பிடித்தாயிற்று. வீட்டுக்கும் பணத்துக்கும் சாமான்களுக்கும் வேலையாட்களுக்கும் ஒவ்வொன்றாக ஜெபித்தாயிற்று, வரவேண்டியவை வந்துகொண்டிருந்தன. அன்று பிள்ளைகளுக்கான விண்ணப்பம் வாங்க உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் ஒரே ஒருவர்கூட வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது: எல்லாவற்றையும் கேட்டிருந்தார், பிள்ளைகளைத் தரும்படி மட்டும் கேட்கவில்லை. அனாதைகளுக்கா பஞ்சம், வீடு திறந்தால் தாமாக வந்துவிடுவார்கள் என்று அவர் புத்தி முடிவுசெய்துவிட்டது. அன்று மாலை அதற்காக முழங்காலில் நின்றார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரல் 11 அன்று இல்லம் திறந்தது. பின்னாளில் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன, ஒரே நேரத்தில் 2,050 பிள்ளைகள் தங்க இடம் இருந்தது. 1898இல் அவர் இறப்பதற்குள் 10,000 பிள்ளைகளுக்கு மேல் அங்கே வளர்ந்திருந்தார்கள்.

சுயபுத்தி என்றால் ஆணவம், அகங்காரம் என்றுதான் பிரசங்கங்களில் கேட்கிறோம். முல்லருக்கு நடந்ததைப் பார்த்தால் அது எவ்வளவு சாதுவாக உள்ளே வந்து உட்காரும் என்பது தெரிகிறது. ‘இது தானாக நடந்துவிடும்’ என்று நாம் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடும் இடத்தில் அது இருக்கிறது.

அதே முல்லர் 1841 டிசம்பரில் இன்னொரு காரியம் செய்தார். ஆண்டறிக்கை வெளியிடும் நேரம், பொதுக்கூட்டம் போடும் நேரம். கையிலோ காசு இல்லை. இந்த நிலையில் அறிக்கை வந்தால் மறைமுகமாகப் பிச்சை கேட்டது போலாகிவிடும் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டார். எந்த அமைப்பும் முடை வந்தால்தான் அறிக்கை அடிக்கும். இவர் முடை வந்ததால் நிறுத்தினார்.

இந்த வழி ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்துத் தமிழனுக்குக் கொண்டுவந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏமி வருவதற்கு ஐம்பது வருடம் முன்பே ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற திருநெல்வேலித் தமிழர் அப்படி வாழ்ந்து காட்டிவிட்டார். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். முல்லரின் மைத்துனரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு பழகியவர். மிஷன் சம்பளம் வாங்காமல் 1840இல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். 1860இல் திருநெல்வேலியில் எழுந்த பெரிய எழுப்புதலில் அவருடைய சபைக்கு முக்கியமான இடம் உண்டு. நம் சபைகள் முல்லரை நினைக்கும் அளவுக்கு அருளப்பனை நினைப்பதில்லை. அது வருத்தமான விஷயம்.

ஏமிக்கு வருவோம். முதலில் ஜப்பான் போனார், உடல்நலம் கெட்டு அங்கே நிலைக்க முடியவில்லை. 1895இல் பெங்களூர், அங்கிருந்து திருநெல்வேலி. தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படித்தார். பண்ணைவிளையில் தங்கி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அந்தப் பெண்கள் குழுவுக்கு ஊரார் வைத்த பெயர் நட்சத்திரக் கூட்டம். அதில் ஒருவர் பொன்னம்மாள், இளம் வயதிலேயே விதவையானவர். ஏமியின் திட்டம் தெளிவாக இருந்தது: சுவிசேஷம் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போவது. அதற்குத்தான் அழைக்கப்பட்டதாக அவர் உறுதியாக நம்பினார்.

1901 மார்ச்சில் அந்தத் திட்டத்தின் குறுக்கே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து நின்றாள். பெயர் பிரீனா. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படுவதற்காக வளர்க்கப்பட்டவள். முன்பு ஒருமுறை தப்பி தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் பயந்துபோய்த் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகப் பிள்ளையின் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை ஓடிவந்தவளைப் பண்ணைவிளையில் ஒரு கிறிஸ்தவப் பெண் ஏமியிடம் கொண்டுவந்து விட்டார். ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்த பிள்ளை, இனி இங்கேதான் இருப்பேன் என்றது.

ஒன்று இரண்டாகி, 1904 ஜூன் வாக்கில் பதினேழு பிள்ளைகள். கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. இரவெல்லாம் பால் காய்ச்சுவதும், துணி அலசுவதும், நகம் வெட்டுவதும், பேன் பார்ப்பதுமாக நாள் போனது. ஊர் ஊராகப் பிரசங்கிக்க வந்தவருக்கு இதுவா வேலை என்று சக மிஷனரிகள் சிலர் வெளிப்படையாகவே கேட்டார்கள். பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடும் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டே, அதை ஏமி தம் எழுத்தில் எடுத்துக்கொண்டார். தம் கால்கள் கட்டப்பட்டுவிட்டன, கட்டியவர் ஆண்டவர் என்று ஏற்றுக்கொண்டார். தன் அழைப்பு எது என்று தானே அறிந்திருந்த அறிவை விட்டுக்கொடுப்பது பணத்தை விட்டுக்கொடுப்பதைவிடக் கடினம் என்றே தோன்றுகிறது. காணிக்கைத் தட்டில் பணத்தைப் போட்டுவிடலாம். ‘நான் இதற்காகவே பிறந்தவள்’ என்ற நினைப்பைப் போட எத்தனை பேரால் முடியும்?

டோனாவூரில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வந்த பிள்ளைகள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் அந்தப் பிள்ளை இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளையே விசேஷ நாளாகக் கொண்டாடினார்கள். உடன் வேலைசெய்த தமிழ்ப் பெண்கள் அக்காள், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. யாருக்கும் சம்பளம் கிடையாது. கடன் வாங்குவதில்லை, நிதி கேட்டு வேண்டுகோள் விடுவதில்லை. 1913இல் பிள்ளைகள் 130 பேர். பால் வந்தது, அரிசி வந்தது, கட்டடங்கள் வந்தன. 1918இல் ஆண் பிள்ளைகளும் வந்தார்கள்.

இப்படிக் கேட்டதும் கிடைத்த கதைகள் ஏமியின் வாழ்க்கையில் ஏராளம். கேட்டது கிடைக்காமல் போய், காரணம் பின்னால் விளங்கிய கதையும் உண்டு. சிறுவயதில் நீலக் கண் வேண்டுமென்று ஜெபித்துக் கிடைக்காமல் அழுததும், பின்னாளில் சேலை கட்டி, கருப்புச் சாயம் பூசி இந்தியப் பெண்போல நடமாட அந்தப் பழுப்புக் கண்ணே உதவியதும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் தவறாமல் சொல்லப்படுகிற கதை. நல்ல கதைதான். முடிவில் எல்லாம் விளங்கிவிடுகிறது, பிள்ளைகளுக்கும் மனதில் பதிகிறது.

விளங்காதவற்றை அதிகம் யாரும் சொல்வதில்லை. நெய்யூரில் மருத்துவமனைக்கு அருகே கைக்குழந்தைகளுக்கென்று பொன்னம்மாள் பொறுப்பில் ஒரு இல்லம் வைத்தார்கள். மருத்துவர் பக்கத்திலேயே இருந்தால் நல்லது என்பது நியாயமான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. அங்கே வயிற்றுக்கடுப்பு பரவிக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. 1912இல் வாக்கர் ஐயர் திடீரென்று காலமானார். ஏமிக்கு மொழி கற்றுத் தந்தவரும், ஆலோசனை சொன்னவரும் அவர்தான். 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயில் போனார். எந்தெந்தத் தூண் விழக்கூடாது என்று நினைத்திருப்பார்களோ அவையே விழுந்தன.

பிறகு 1931 அக்டோபர் 24. அன்று காலை ஏமி ஒரு ஜெபம் செய்தார். தன் ஊழியத்துக்கும் தன் பிள்ளைகளுக்கும் உதவத் தன்னைத் தகுதிப்படுத்த எதை வேண்டுமானாலும் செய்யும்படி ஆண்டவரிடம் கேட்டார். மாலையில் களக்காட்டுக்குப் போனார். அங்கே மருத்துவ வேலைக்காக வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கழிப்பறைக்காக வேலையாட்கள் குழி வெட்டியிருந்தார்கள், வெட்டவேண்டிய இடம் தவறிப்போய் வேறு இடத்தில். இருட்டுகிற நேரம். குழி கண்ணில் படவில்லை. விழுந்ததில் கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது.

அப்போது அவருக்கு 63 வயது. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சில வாரத்தில் நடந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். வாரங்கள் மாதங்களாயின. ஒன்றன்மேல் ஒன்றாக வேறு உபாதைகளும் சேர்ந்தன. முழுமையாக அவர் எழவே இல்லை. மீதியிருந்த ஏறக்குறைய இருபது வருடமும் பெரும்பாலும் அந்த ஒரு அறைக்குள்தான். 1948இல் அறையிலேயே மீண்டும் விழுந்தார், அதன்பின் படுக்கையைவிட்டு அசையவும் முடியவில்லை.

இந்த இருபது வருடத்துக்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. விழாமல் இருந்திருந்தால் இத்தனை புத்தகம் எழுதியிருப்பாரா, எழுத வைக்கத்தான் ஆண்டவர் படுக்கையில் போட்டார் என்பார்கள். எழுதியது உண்மை. டோனாவூரின் வரலாற்றைச் சொல்லும் ‘கோல்ட் கார்ட்’ 1932இல் வந்தது, நோயாளிகளுக்கான ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ 1933இல், ‘இஃப்’ 1938இல். ஆனால் அவர் நல்ல உடலோடு ஓடியாடிக்கொண்டிருந்தபோதும் எழுதியவர்தான். அந்த இருபது வருடத்தில் ஊட்டாமல் போன பிள்ளைகள், நடக்காமல் போன கிராமங்கள், தூங்காத இரவுகள் எல்லாவற்றையும் ஒரு தட்டிலும், புத்தகங்களை மறு தட்டிலும் வைத்து ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்துச் சொல்ல நமக்கு யார் தராசு கொடுத்தது?

இப்படி விளக்கம் சொல்வதுதான் உண்மையில் சுயபுத்தியின் கடைசிப் புகலிடம். முன்னால் போகும்போது ஆண்டவரை நம்புகிறோம் என்கிறோம். பின்னால் திரும்பிப் பார்த்து, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு நாமே காரணம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறோம். சாவு வீட்டில், ஆஸ்பத்திரி வார்டில், பிள்ளையை இழந்த தாயின் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். கேட்கிறவருக்கு அது கல்லாக விழுகிறது.

பைபிளிலேயே இதற்கு ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது. யோபுவின் சிநேகிதர்கள் வந்தவுடன் ஏழு நாள் வாய்திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை நன்றாக இருந்தது. பிறகு விளக்கத் தொடங்கினார்கள். அத்தனையும் பக்தியான பேச்சு, கடவுளுக்கு வக்காலத்து வாங்கும் பேச்சு. கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் யார்மேல் விழுகிறது? கதறிக் கேள்வி கேட்ட யோபுவின்மேல் விழவில்லை, விளக்கம் சொன்ன சிநேகிதர்கள்மேல்தான் விழுகிறது. யோபுவுக்கும் தன் துன்பத்தின் காரணம் கடைசிவரை சொல்லப்படவில்லை. கடவுள் அவனோடு பேசினார், காரணத்தைச் சொல்லவில்லை.

ஏமிக்கு இது தெரிந்திருந்தது. ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ எழுதியதற்கு அவர் சொல்லும் காரணமே, நோயாளிகளுக்கென்று நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் தாள்கள் தம்மைத் தொடவில்லை என்பதுதான். படுத்திருப்பவர் படுத்திருப்பவர்களுக்கு எழுதிய கடிதங்கள் அவை. வலி வலிதான் என்று ஒப்புக்கொள்கிற எழுத்து. தூக்கமற்ற இரவின் எரிச்சலும் பிறர்க்குப் பாரமாகிவிட்டோமே என்ற குமைச்சலும் அவருக்குத் தெரியும். காரணம் கேட்டு அடம்பிடிப்பதை அவர் விட்டுவிட்டார், ஆண்டவரோடு பேசுவதை விடவில்லை.

அறைக்குள் இருந்தும் வேலை நிற்கவில்லை. பிள்ளைகள் தங்கள் விசேஷ நாளில் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அண்ணாச்சிகளும் அக்காள்மாரும் யோசனை கேட்க வந்தார்கள். தனக்குப் பின் யார் என்ற கவலை அவருக்கு இயல்பாகவே இருந்தது. அருளாயி என்ற தமிழ்ப் பெண், சிறுமியாக ஏமியிடம் வந்து, அவருடைய வலது கையாக வளர்ந்தவர். அவர்மேல் ஏமி பெரிய நம்பிக்கை வைத்திருந்தார். அருளாயி 1939இல் இறந்துவிட்டார். காட்ஃப்ரி வெப்-பெப்ளோ ஆண் பிள்ளைகளின் பொறுப்பை ஏற்று நடத்தியவர். அவரும் 1949இல் இறந்தார். இருவரும் ஏமியைவிட வயதில் மிகவும் இளையவர்கள். படுக்கையிலிருந்த கிழவி இருக்க, தாங்க வேண்டியவர்கள் முன்னால் போனார்கள். இதற்கு எந்த விளக்கமும் அவரிடம் இல்லை. 1951 ஜனவரி 18 அன்று ஏமி காலமானார். 1895இல் இந்தியாவில் கால் வைத்தவர், ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, புத்தியைத் தூர எறிந்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் விசுவாசம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த ஆபத்து நம் சபைகளில் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைக் கேட்டு நிறுத்தியவர்களின் வீடுகளில் நடந்ததும் நமக்குத் தெரியும். அது சுயபுத்தியை விட்டது ஆகாது. இன்னொரு மனிதனின் புத்திக்குத் தன்னை ஒப்படைத்தது ஆகும், அவ்வளவே.

முல்லர் பைசா பிசகாமல் கணக்கு எழுதினார், வருடந்தோறும் அச்சிட்டு வெளியிட்டார். ஏமி பண்டிதர் வைத்துத் தமிழ் படித்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் உள்விவரங்களை வருடக்கணக்கில் பொறுமையாகத் திரட்டினார். சென்னை மாகாணத்தில் அந்த வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்களின் நெடும் போராட்டத்துக்குப் பின் 1947இல்தான் முழுமையாக வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஏமி அதைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அறிவு உழைக்க வேண்டிய இடத்தில் அவர் அதை நன்றாகவே உழைக்க வைத்தார். அதன் எல்லை வந்ததும் அதனிடம் தீர்ப்புக் கேட்கவில்லை.

நெய்யூரில் குழந்தைகள் இறந்த துயரத்துக்குப் பிறகு டோனாவூர்க்காரர்கள் மருத்துவம் வேண்டாமென்று ஒதுங்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல டாக்டர்களையும் நர்சுகளையும் அனுப்பும்படி ஜெபித்தார்கள். மே பவல் என்ற பெண் மருத்துவரும், காட்ஃப்ரியின் அண்ணன் டாக்டர் மர்ரேயும் வந்தார்கள். டோனாவூரிலேயே ஒரு மருத்துவமனை எழும்பியது. பரம சுக சாலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அறுவைக்கு முன் ஜெபித்தார்கள், ஜெபித்துவிட்டுக் கருவிகளைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்தார்கள். சுற்று வட்டாரத்து எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் அங்கே வந்து படுத்தார்கள். ஏமி இறந்தபின் அமைப்பின் பொறுப்பு படிப்படியாக இந்தியர்கள் கைக்கு வந்தது. இல்லத்தையும் மருத்துவமனையையும் அவர்களே நடத்துகிறார்கள்.